மதியம் 12.30 மணி ராணிகள்: லிங்க்ட்இன் புதிர்கள் எப்படி?

வேலை தேடுவதற்கென்றே இருக்கிற ஒரு தளம், இருக்கிற வேலையைத் தள்ளிப்போடவும் தானே வழி செய்து கொடுத்திருக்கிறது. 2024 மே 1 அன்று லிங்க்ட்இன் மூன்று விளையாட்டுகளை இறக்கியது: குயீன்ஸ், பின்பாயின்ட், கிராஸ்கிளைம்ப். அதே ஆண்டு அக்டோபரில் டாங்கோ வந்தது. 2025 மார்ச்சில் ஸிப், ஆகஸ்ட்டில் மினி சுடோகு. காசு கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதிர். உலகம் முழுக்க எல்லோருக்கும் அதே புதிர்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடலாம், பலர் இடறுவது அங்கேதான். புதிர் மாறுவது அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில். இந்தியாவிலும் இலங்கையிலும் அது மதியம் 12.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நமக்கு 1.30. சிங்கப்பூரில் பிற்பகல் 3 மணி, அந்த மாதங்களில் 4. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு 12.45-க்கு விளையாடிப் பழகியவருக்கு, நவம்பரில் ஒரு திங்கட்கிழமை நேற்று முடித்த கட்டமே திரும்ப வந்து நிற்கும். ஆப் கெட்டுப்போய்விட்டதென்று அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். புதிர் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். எப்போதும் 2 மணிக்கு மேல் விளையாடினால் இந்தத் தொல்லையே இல்லை, ஸ்ட்ரீக்கும், அதாவது நாள் தவறாமல் ஆடிய தொடர் கணக்கும், உடையாது.

தீர்ப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த ஆறில் நான்கு தர்க்கப் புதிர்கள், இரண்டு வார்த்தைப் புதிர்கள். தர்க்கப் புதிர்கள் நான்கும் நேர்மையான சரக்கு. அதிலும் குயீன்ஸ் தினமும் திறந்து பார்க்கத் தகுந்தது. ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் கடிகாரம், தரவரிசை, "பகிருங்கள்" பொத்தான் எல்லாம் சேர்ந்து நம்மை மோசமாக விளையாடப் பழக்குகின்றன. கடிகாரத்தை அணைத்துவிட்டு ஆடினால் இது வேறு விளையாட்டு. அணைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அது பின்னால் வருகிறது.

குயீன்ஸ்

சதுரக் கட்டம், பெரும்பாலும் 7×7 முதல் 11×11 வரை. எத்தனை வரிசையோ அத்தனை நிறப் பகுதிகள். ஒவ்வொரு கிடை வரிசையிலும் ஒரு ராணி, ஒவ்வொரு நெடு வரிசையிலும் ஒரு ராணி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு ராணி. எந்த இரண்டு ராணியும் ஒட்டி நிற்கக் கூடாது, மூலையோடு மூலைகூடப் படக் கூடாது. ஒரு தட்டு தட்டினால் பெருக்கல் குறி (இங்கே ராணி இல்லை என்று அடிப்பது), இரண்டாவது தட்டில் கிரீடம், மூன்றாவதில் கட்டம் காலி.

சதுரங்கம் தெரிந்தவர்கள்தான் இதில் முதல் நாள் தடுமாறுவார்கள். பெயர் ராணி என்பதால் மூலைவிட்டம் முழுவதையும் அடித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒரு நிறத்துக்கு இடமே இல்லாமல் முழிப்பார்கள். இங்கே ராணியின் மூலைவிட்ட அதிகாரம் ஒரே ஒரு கட்டத்தோடு சரி. ராணி என்று பெயர் வைத்திருக்கவே கூடாது. கோபக்காரப் பங்காளி என்று வைத்திருக்கலாம். அதே ஊரில் இருக்கலாம், பக்கத்து மனையில் மட்டும் ஆகாது.

இந்த வேறுபாட்டுக்குள் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. 1848-இல் மாக்ஸ் பெசல் என்பவர் கேட்ட பழைய எட்டு ராணிப் புதிருக்கு 8×8 பலகையில் 92 விடைகள் உண்டு. மூலைவிட்டத்தில் அடுத்த கட்டம் மட்டும் ஆகாது என்று விதியைத் தளர்த்தினால் அது 5,242 ஆகிவிடும். 9×9-இல் 47,622. இத்தனையையும் ஒற்றை விடையாகச் சுருக்குவது நிறப் பகுதிகளின் வடிவம் மட்டுமே. அதனால் எங்கே தொடங்குவது என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் நிறத்தில் இருக்கிறது. வரிசைகளில் தேடி உட்கார்ந்திருப்பது வீண்.

புதிய கண்டுபிடிப்பும் அல்ல இது. 2003 உலகப் புதிர்ப் போட்டிக்காக நெதர்லாந்தின் ஹான்ஸ் ஏண்டபாக் உருவாக்கிய ஸ்டார் பேட்டில்தான் மூலம். அதில் வரிசைக்கு இரண்டு நட்சத்திரம் வைப்பது வழக்கம். நியூயார்க் டைம்ஸ் அதே வகையை டூ நாட் டச் என்ற பெயரில் போடுகிறது. லிங்க்ட்இன் ஒற்றை நட்சத்திரத்தை எடுத்து, கோட்டுப் பிரிவுகளுக்கு நிறம் பூசி, கிரீடம் மாட்டியது. இரட்டை நட்சத்திரத்தில் பழகியவர்களுக்கு இது கொறிக்கக் கொடுத்த கடலை மாதிரிதான் இருக்கும். மற்றவர்களுக்குச் சரியான அளவு.

தீர்க்கும் முறை இது. சின்ன நிறத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஒரே கட்டம் உள்ள நிறம் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு கட்டங்கள் பக்கம் பக்கமாக இருந்தால், ராணி எதில் வந்தாலும் அந்தக் கிடை வரிசை அதற்குத்தான், மிச்சத்தை அடித்துவிடலாம். அதோடு, அந்த இரண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ள நான்கு கட்டங்களும் போய்விடும், ஏனென்றால் அவை இரண்டு கட்டங்களையுமே தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று கட்டங்கள் ஒரே கோட்டில் இருந்தால் நடுக் கட்டத்துக்கு மேலும் கீழும் உள்ளவை மட்டும் போகும். மூன்று கட்டங்கள் முழங்கை மாதிரி வளைந்திருந்தால், அந்த மடிப்புக்குள் இருக்கும் நான்காவது கட்டம் போகும். இந்த மூன்று வடிவங்களையும் கண்டவுடனே கை அடிக்கப் பழகிவிட்டால் எளிய நாள்களில் பாதிப் பலகை தானாகத் திறந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. இரண்டு நிறங்கள் முழுவதுமாக இரண்டே வரிசைகளுக்குள் அடங்கியிருந்தால் அந்த இரண்டு வரிசைகளும் அவற்றுக்கே சொந்தம். அதே வரிசைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் மற்ற நிறங்களின் வாலை வெட்டிவிடலாம். இதைத் தலைகீழாகவும் பார்க்க வேண்டும்: அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் மொத்தமே இரண்டு நிறங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன என்றால், அந்த நிறங்களுக்கு வேறு எங்கும் வேலையில்லை. கடினமான நாளில் இது மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று போகும். இங்கே நடக்கும் தவறு எல்லோருக்கும் பொது: கிடை வரிசைகளில் எண்ணுவார்கள், நெடு வரிசைகளில் எண்ண மறந்துவிடுவார்கள். நம் கண் இடமிருந்து வலமாக ஓடிப் பழகியது. சிக்கிக்கொண்டால் ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். திரை தானாகச் சுழலாதபடி பூட்டி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டமும் சேர்ந்து திரும்பிக்கொள்ளும்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. "இங்கே ராணி வைத்தால் அந்த நீல நிறத்துக்கு இடமே இருக்காது" என்று ஒரே எட்டில் தெரிகிற கட்டங்கள். பெரிய நிறப் பகுதிகளின் ஓரத்தில், வேறொரு சின்ன நிறத்தைக் கட்டிப்பிடித்தபடி இவை நிற்கும். அடித்துவிட வேண்டியதுதான். இதை ஊகம் என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு; ஊகமே அல்ல, நிரூபணம். ஊகம் என்பது "வைத்துப் பார்ப்போம், தப்பினால் எடுப்போம்" என்பது. அந்தச் சோதனையைப் பலகையில் செய்யக் கூடாது, தலைக்குள் செய்ய வேண்டும். காரணம் நடைமுறை சார்ந்தது: ஆப்பில் பெருக்கல் குறி ஒரே வகைதான். நிச்சயமாக அடித்ததும் சோதனைக்காக அடித்ததும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். நாலு சோதனைக்குப் பிறகு எது எது என்று தெரியாமல் முழுப் பலகையையும் அழிக்க வேண்டி வரும்.

நிறங்கள் பற்றி ஒரு குறை. எல்லாம் வெளிர் சாயங்கள். 10×10, 11×11 நாள்களில் இரண்டு சாயங்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஃபோனில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நிறத்தை நம்பாமல் பகுதிகளுக்கு இடையே உள்ள தடித்த கோட்டை நம்புவது நல்லது.

ஹின்ட் பொத்தான் பாராட்ட வேண்டிய ஒன்று. விடையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், எந்தக் கட்டங்களைப் பார்த்தால் எது விலகும் என்று காரணத்தைக் காட்டுகிறது. முதல் ஒரு வாரம் வெட்கப்படாமல் அதை அழுத்தலாம். அதைவிட மலிவான ஆசிரியர் கிடைக்காது.

கடிகாரமும் சி.இ.ஓ.க்களும்

விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனால் மூன்று விசைகள் இருக்கின்றன: கடிகாரத்தைக் காட்டுவது, தானாகத் தவறு பார்ப்பது, தானாகப் பெருக்கல் குறி போடுவது. முதல் இரண்டை அணைத்து, மூன்றாவதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கிரீடம் வைத்ததும் அதன் வரிசை, நிறம், அண்டைக் கட்டங்கள் எல்லாம் தானாக அடிபடும். கையால் இருபது தட்டு தட்டுவதில் அறிவுக்கு ஒரு லாபமும் இல்லை.

தவறு பார்க்கும் விசையை ஏன் அணைக்க வேண்டும்? அது விதி மீறலைத்தான் சிவப்பாகக் காட்டும். விதி மீறாத தவறான ராணியைக் கண்டுகொள்ளாது. ஆக, சிவப்பு வரவில்லை என்பதால் சரி என்று அர்த்தமில்லை. ஆனால் மனசு அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ஐந்து ராணி வைத்த பிறகு ஆறாவதில் சிவப்பு வரும். தவறு நடந்ததோ இரண்டாவதில்.

கடிகாரத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே விடை உள்ள புதிரில் ஊகத்துக்குத் தேவையே இல்லை. ஆனால் இரண்டே வாய்ப்பு மிஞ்சிய இடத்தில் காரணம் தேட முப்பது விநாடி, ஊகித்துப் பார்க்க மூன்று விநாடி. பாதி நாள் ஊகம் பலிக்கும். அந்தப் பாதி நாள்களில் ஊகித்தவர் முதலிடம், யோசித்தவர் ஏழாமிடம். தர்க்கத்தைச் சொல்லிக்கொடுக்க வந்த விளையாட்டு, தர்க்கம் பார்க்காதவருக்குப் பரிசு கொடுக்கிறது. உங்கள் தொடர்புகள், உங்கள் நிறுவனம், படித்த கல்லூரி என்று மூன்று பக்கமும் தரவரிசை வேறு. அதில் 9×9 பலகையை நான்கு விநாடியில் முடித்தவர்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இந்தப் புதிரைத் தீர்க்கும் நிரலை எழுதுவது கணினி படிக்கும் மாணவருக்கு ஒரு மாலை நேர வேலை. கட்டத்தைப் படித்து விடையைத் தட்டிவிடும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். அந்த வரிசையில் முதலிடத்தில் இருப்பது சில நாள்களில் மனிதரே கிடையாது.

முடித்ததும், இன்று நீங்கள் இத்தனை சதவீத சி.இ.ஓ.க்களை முந்திவிட்டீர்கள் என்ற தோரணையில் ஒரு பாராட்டு சில நாள் வரும். அந்த சி.இ.ஓ.க்கள் கூட்டத்துக்கு நடுவே மேசைக்குக் கீழே வைத்து ஆடினார்களா என்பதை யார் கண்டது. சம்பள உயர்வு பேசும்போது இந்தச் சான்றிதழ் செல்லாது.

பகிர்வு அட்டையில் மட்டும் ஒரு நயம் உண்டு. முதலில் வைத்த சில கிரீடங்களின் நிறத்தை வரிசையாகக் காட்டும். விடை தெரியாது, ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் நுழைந்தீர்கள் என்று தெரியும். ஒரே புதிரில் இரண்டு பேர் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்திருப்பதைப் பார்ப்பது, நேரத்தை ஒப்பிடுவதைவிடச் சுவையானது. இந்தத் தந்திரத்தின் பாட்டனார், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில். ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்த அந்த விளையாட்டை 2021 நவம்பர் 1 அன்று 90 பேர் ஆடினார்கள். டிசம்பர் நடுவில் பச்சை மஞ்சள் கட்டங்களைப் பகிரும் வசதி வந்தது. 2022 ஜனவரி 2 அன்று 3,00,000 பேர். அந்த மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. விடையைச் சொல்லாமலே பீற்றிக்கொள்ள வழி கிடைத்தால் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு விஷயத்தில் லிங்க்ட்இன் வேர்டிலைவிட மேல். வேர்டில் அவரவர் ஊர் நள்ளிரவில் மாறும். நியூசிலாந்துக்காரர் முதலில் முடித்துவிட்டு வாய் தவறி உளறிவிட வாய்ப்புண்டு. இங்கே எல்லோருக்கும் ஒரே நொடியில் கதவு திறக்கிறது.

டாங்கோ

6×6 கட்டம். சூரியனும் நிலாவும். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று சூரியன், மூன்று நிலா. ஒரே உரு மூன்று தொடர்ந்து வரக் கூடாது. சில கட்டங்களுக்கு நடுவே சமக்குறி இருந்தால் இரண்டும் ஒன்று, பெருக்கல் குறி இருந்தால் இரண்டும் வேறு. 0, 1 என்று கட்டங்களை நிரப்பும் பழைய பைனரி புதிரின் பேரப்பிள்ளை. சமக்குறியும் பெருக்கல் குறியும்தான் புதுச் சேர்க்கை. பைனரி புதிர் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: "இரண்டு வரிசைகள் ஒன்றுபோல் இருக்கக் கூடாது" என்ற பழைய விதி இங்கே இல்லை. அதை நம்பிக் கட்டம் நிரப்பினால் அழித்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டு சூரியனுக்கு இரு பக்கமும் நிலா, இரண்டு சூரியனுக்கு நடுவே நிலா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் பிடிபடும். அதற்கு மேலே உள்ளவைதான் வேகம் தருகின்றன. வரிசையின் இரண்டு முனைகளும் சூரியன் என்றால், முனைகளுக்கு உட்பக்கம் உள்ள இரண்டாவதும் ஐந்தாவதும் கட்டாயம் நிலா. ஏன்? நடு நான்கில் இனி ஒரே ஒரு சூரியன்தான் பாக்கி. அது இரண்டாவதிலோ ஐந்தாவதிலோ போய் உட்கார்ந்தால் மிச்ச மூன்று நிலாக்களும் ஒட்டிக்கொள்ளும். அதேபோல் முதல் இரண்டும் சூரியன் என்றால் மூன்றாவது நிலா என்பது எல்லோருக்கும் தெரியும், ஆறாவதும் நிலா என்பது பலருக்குத் தெரியாது. முதலாவதும் ஐந்தாவதும் சூரியன் என்றாலும் ஆறாவது நிலாதான். நெடு வரிசைக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

குறிகளை இப்படிப் படிக்க வேண்டும். பெருக்கல் குறி உள்ள ஜோடியில் எது எது என்று தெரியாவிட்டாலும் ஒன்று சூரியன், ஒன்று நிலா. அந்த வரிசையின் மிச்ச நான்கில் இரண்டு இரண்டு. அப்படி இரண்டு ஜோடிகள் ஒரே வரிசையில் வந்தால் மீதி இரண்டு கட்டங்களும் ஒன்றுக்கொன்று எதிர். சமக்குறி ஜோடிக்கு ஒட்டினாற்போல் ஒரு சூரியன் இருந்தால் ஜோடி நிலா. ஒரே வரிசையில் இரண்டு சமக்குறி ஜோடிகள் இருந்தால் அவை ஒன்றாக இருக்கவே முடியாது, நான்காகிவிடும். ஆகவே ஒன்று சூரிய ஜோடி, மற்றது நிலா ஜோடி.

குறை? குயீன்ஸைவிட இங்கே தட்டித் தட்டிப் பார்க்கும் ஆசை அதிகம் வரும். கட்டத்துக்கு இரண்டே வாய்ப்பு என்பதால் சிவப்பு மறையும்வரை விரலே யோசித்துவிடும். அப்படி ஆடினால் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஒரு விடையும் இரண்டு விடையும்

இந்தப் புதிர்களின் அருமை தெரிய வேண்டுமானால் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் காலை வணக்கத்தோடு வரும் புதிர்ப் படங்களோடு ஒப்பிட வேண்டும். "99 சதவீதம் பேரால் முடியாது" என்று தலைப்பு. மூன்று வாழைச்சீப்பு, இரண்டு இளநீர், கடைசி வரியில் மட்டும் ஒரு சீப்பில் நான்குக்குப் பதில் மூன்று பழம். கண்ணை ஏமாற்றினால் அது கணக்கு ஆகாது. 2019-இல் உலகமே அடித்துக்கொண்ட 8÷2(2+2) இன்னும் ஒரு படி மேல்: அடைப்புக்கு முன்னால் குறியில்லாத பெருக்கலை முதலில் செய்வதா, வகுத்தலை இடமிருந்து செய்வதா என்ற எழுத்து மரபுச் சண்டை அது. ஒரு கட்சிக்கு 1, மறு கட்சிக்கு 16. எழுதியவர் இன்னொரு அடைப்புக்குறி போட்டிருந்தால் சண்டையே இல்லை. போட்டிருந்தால் அந்தப் படம் பரவியும் இருக்காது. இரண்டு விடை இருப்பதுதான் அதன் முதலீடு. ஒவ்வொரு கருத்துச் சண்டையும் பதிவை மேலே தூக்கும்.

நல்ல புதிரும் பரவியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஷெரிலின் பிறந்தநாள் புதிர் சுத்தமான தர்க்கம். "எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்" என்ற பேச்சிலிருந்தே தேதிகளை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும், விடை ஜூலை 16 மட்டுமே. குயீன்ஸ், டாங்கோ எல்லாம் அந்தக் கட்சி. விடை ஒன்று, வழி நிரூபிக்கக்கூடியது. புலி, ஆடு, புல்லுக்கட்டை ஆற்றைக் கடத்தும் நம் பழைய புதிரில், கடத்திய ஆட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றும் நொடி இருக்கிறதே, அந்த நொடிக்காகத்தான் இவற்றையும் ஆடுகிறோம்.

தர்க்கப் புதிரைக் காட்டி வேறு எதையோ விற்பதும் புதிதல்ல. ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கி 1979-இல் டெல் பத்திரிகையில் வந்த நம்பர் பிளேஸ், ஜப்பானின் நிகோலி நிறுவனத்தின் கையில் சுடோகு ஆனது. அதை 2004 நவம்பர் 12 முதல் லண்டன் டைம்ஸுக்குக் காசு வாங்காமல் கொடுத்தவர் வெய்ன் கௌல்ட். அவர் வேண்டியது தன் சுடோகு மென்பொருளுக்கு விளம்பரம். இன்னும் பின்னால் போனால், 1924-இல் குறுக்கெழுத்தைப் பாவகரமான வீண்வேலை என்று தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸ், 1942 பிப்ரவரியில் தானே குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தது. 2023-இல் அதன் வேர்டில் மட்டும் 480 கோடி முறை ஆடப்பட்டிருக்கிறது. செய்திக்கு வராதவர் புதிருக்கு வருகிறார், வந்தவர் தலைப்பையும் பார்த்துவிட்டுப் போகிறார். லிங்க்ட்இன் செய்வதும் அதே வியாபாரம். தலைப்புக்குப் பதிலாக இங்கே இருப்பது யாரோ ஒருவர் பதவி உயர்வுக்குப் பணிவோடு நன்றி சொல்லும் பதிவு.

மற்றவை

ஸிப்பில் 1, 2, 3 என்று எண்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு, எல்லாக் கட்டங்களையும் ஒரே கோட்டால் நிரப்ப வேண்டும். நடுவே சுவர்கள். தர்க்கப் புதிர்கள் நான்கில் குழந்தைகளோடு சேர்ந்து ஆட இதுதான் சரி. பெரும்பாலும் அரை நிமிட வேலை, ஆனால் விரலை வைத்ததும் இழுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். முதலில் மூலைகளைப் பாருங்கள்: தொடக்கமோ முடிவோ இல்லாத மூலைக் கட்டத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், வேறு வழி கிடையாது. சுவர்கள் பலகைக்கு நடுவிலேயே இப்படி மூலைகளை உண்டாக்கும். அவற்றை மனசுக்குள் கோடு போட்டுவிட்டால் மிச்சம் இருக்கும் தெரிவுகள் சொற்பம். கோடு 1-இலிருந்து கிளம்பினாலும், கண் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கியும் வர வேண்டும்.

ஸிப்பில் சிக்கினால் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாகக் கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியிலும் நிறம் மாறியே தீரும். ஒரு பொந்துக்குள் ஒரே முறை நுழைந்து வெளியே வரப்போகிறீர்கள் என்றால் அதற்குள் கறுப்பும் வெள்ளையும் சமமாகவோ ஒன்று மட்டும் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இரண்டு கூடுதலாக இருந்தால் எப்படிச் சுற்றினாலும் ஒரு கட்டம் மிஞ்சும். அந்தப் பொந்தை அப்படி அடைத்ததே தவறு. பகிர்வு அட்டையில் எத்தனை முறை பின்வாங்கினீர்கள் என்றும் காட்டும். நேரத்தைவிட அந்த எண் பூஜ்யமாக இருப்பதற்கு ஆசைப்படலாம்.

மினி சுடோகு 6×6. இரண்டு வரிசை, மூன்று நெடு வரிசை கொண்ட பெட்டிகள். நிகோலியும் மூன்று முறை உலக சுடோகு பட்டம் வென்ற தாமஸ் ஸ்னைடரும் சேர்ந்திருப்பதால் தரத்தில் குறையில்லை. கை வேலை என்பது தெரிகிறது. ஆனால் பெரிய சுடோகு போடுகிறவர்களுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு குறுக்குவழி போதும்: இடப் பெட்டியில் 4 மேல் வரிசையில் இருந்தால், வலப் பெட்டியில் அது கீழ் வரிசையின் மூன்று கட்டங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும், நெடு வரிசைகளைப் பார்த்து இரண்டை அடித்தால் முடிந்தது. பென்சில் குறிப்பு எடுக்கத் தேவைப்படும் நாள் அபூர்வம்.

பின்பாயின்ட்டும் கிராஸ்கிளைம்ப்பும் வார்த்தை விளையாட்டுகள். ஒன்றில் ஐந்து சொற்களுக்குப் பொதுவானது எது என்று ஊகிக்க வேண்டும். மற்றதில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி ஏணி கட்ட வேண்டும், 1877-இல் லூயிஸ் கரோல் கண்டுபிடித்த விளையாட்டு அது. இரண்டுக்கும் ஆங்கிலம் தெரிந்தால் போதாது. அமெரிக்கக் காலை உணவு, அங்கத்திய டி.வி., பேஸ்பால் எல்லாம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தர்க்கத்தில் தோற்றால் எங்கே தவறினோம் என்று கண்டுபிடித்துச் சிரிக்கலாம். கேள்விப்படாத சோளப்பொரி பிராண்டால் தோற்றால் சிரிக்க ஒன்றுமில்லை. தவிர்க்கலாம்.

கடைசியாக, ஃபீடுக்குள் விழாமல் ஆடும் வழி. ஆப்பைத் திறந்து விளையாட்டுக்குப் போவதற்குள் மூன்று நன்றிப் பதிவு, ஒரு தலைமைத்துவப் பாடம் கண்ணில் பட்டுவிடும். பிரௌசரில் லிங்க்ட்இன் கேம்ஸ் பக்கத்துக்குள் போனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி முகவரி இருக்கிறது; குயீன்ஸ் பக்கத்தைத் திறந்து, பிரௌசர் மெனுவில் "முகப்புத் திரையில் சேர்" என்று கொடுத்தால் ஃபோனில் தனிச் சின்னமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் விளையாட்டு நோட்டிஃபிகேஷன் வரும்போது அதன்மேல் அழுத்திப் பிடித்து அந்த வகையை மட்டும் நிறுத்திவிடலாம். வேலை தொடர்பான செய்திகள் வழக்கம்போல் வரும். அப்புறம் 12.30-க்கு யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். மறந்துபோய் ஸ்ட்ரீக் உடைந்தால் எண் பூஜ்யத்துக்குப் போகும், மறுநாள் புதிர் அதே அளவு நன்றாக இருக்கும்.